சேற்றுக்குள் போகும் காற்று

"மிக்ஜாம் புயல் அப்போ எங்க வீட்டு முருங்கை நாள் கணக்குல தண்ணியில நின்னுச்சு சார். வடிஞ்சப்புறம் பாத்தா, தண்ணியே ஊத்தாத செடி மாதிரி இலையெல்லாம் துவண்டு தொங்குது. அதோ, அந்தப் பக்கம் சம்பு வருஷம் பூரா தண்ணியிலதான் கெடக்குது. அதுக்கு ஒண்ணும் ஆவல. ஏன் சார் அப்படி?"

பெருங்குடி பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் பக்கத்துத் தெருத் தம்பி கேட்ட கேள்வி. ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை பார்ப்பவர். பள்ளியில் தாவரவியல் படித்ததில் பாரங்கைமா, கோலங்கைமா, ஸ்கிளிரங்கைமா என்ற மூன்று பெயர்கள்தான் மிச்சம் என்று சிரித்தார். குற்றம் அவருடையதல்ல. திசுக்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்க வைத்துவிட்டு, அவை என்ன வேலைக்காக அப்படி இருக்கின்றன என்பதைப் பரீட்சைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது நம் பாடப்புத்தகங்களின் பழைய வழக்கம். அவர் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கினால் அந்தப் பெயர்களே தேவைப்படாது.

முதலில் முருங்கை. இலை வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வேர் மூச்சு விடுகிறது என்பது அவ்வளவாக நினைவுக்கு வராது. வேருக்கு வெளிச்சம் இல்லை. இலை அனுப்பும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் அது இரவும் பகலும் வேலை செய்கிறது. ஒரு குளுகோஸ் மூலக்கூறை ஆக்சிஜனோடு எரித்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி முப்பது சொச்சம் கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் புளிக்க வைத்தால் வெறும் 2. மண்ணில் இருக்கும் தாது உப்புகளை உள்ளே இழுப்பதற்கும், புதிய வேர்முனையை வளர்ப்பதற்கும் இந்த 2 எந்த மூலைக்குப் போதும்?

மண் துகள்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் காற்று இருக்கும்வரை கவலையில்லை. மழைத் தண்ணீர் அந்தச் சந்துகளை அடைத்துவிட்டால் சிக்கல். ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஏற்கெனவே மண்ணில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் வேரும் நுண்ணுயிர்களும் போட்டி போட்டுக்கொண்டு சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு வேர்ச் செல்களுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. செல் சவ்வில் தண்ணீரை உள்ளே விடுவதற்கென்றே அக்வாபோரின் என்ற புரத வழிகள் உண்டு. அமிலம் ஏறியதும் அவை மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர், ஆனால் உள்ளே வர வழியில்லை. மேலே இலைகளோ வழக்கம்போல ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் இலை துவளாமல் என்ன செய்யும்? தம்பி பார்த்தது நிஜமான தாகம்தான்.

முருங்கைக்கு இது கூடுதல் கஷ்டம். அது வறண்ட நிலத்துக்குப் பழகிய மரம். கிழங்கு மாதிரி பருத்த, மென்மையான அதன் வேர் தண்ணீர் தேங்கினால் சட்டென்று அழுகிவிடும். பெரியவர்கள் முருங்கைப் போத்தை மேடு கட்டி நடச் சொன்னது இதனால்தான். பெருங்குடி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் அந்த மேட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவது நல்லது.

இனி சம்பு. சிலர் ஆனைக்கோரை என்பார்கள். பழுப்பு நிறத்தில் ஊதுபத்திக் கட்டைப் போலக் கதிர் நீட்டி நிற்குமே, அதுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் உள்ள பரப்பு 1,247 ஹெக்டேர். ரயில் பெருங்குடியிலிருந்து வேளச்சேரிக்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி சம்பும் கோரையும்தான். உள்ளே இறங்கிப் பிடுங்க வேண்டாம், காப்புக் காடு. தெருவோர மழைநீர் வடிகாலிலேயே ஏதாவது ஒன்று முளைத்து நிற்கும். ஆராய்ச்சிக்கு அது போதும்.

அதன் இலை ஒன்றை அடிப்பக்கத்தில் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளித்தோல் கடினம், பச்சை. உள்ளே அநேகமாக ஒன்றுமே இல்லை. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே வெள்ளையாக மெல்லிய தடுப்புகள் ஓடுகின்றன. தடுப்புக்குத் தடுப்பு நடுவே சதுரமும் செவ்வகமுமாகக் காலி அறைகள். அடுத்து இலையை நீளவாக்கில் கிழியுங்கள். ஒவ்வொரு அறையும் உண்மையில் மேலிருந்து கீழ்வரை ஓடும் நீண்ட குழாய் என்பது தெரியும். அந்தக் குழாயில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே காகிதத்தைவிட மெல்லிய திரை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் இருந்தால் அந்தத் திரையில் பொடிப் பொடித் துளைகள் தென்படும். நட்சத்திர வடிவச் செல்கள் கைநுனிகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் உண்டான இடைவெளிகள் அவை.

"குழாய்ன்னா நேரா விட வேண்டியதுதானே சார், குறுக்க எதுக்குத் தடுப்பு?" என்றார் தம்பி. அது கொசுவலை செய்கிற வேலை. வலைக்குள் காற்று வரும், கொசு வராது. இங்கே காற்று போகும், தண்ணீர் போகாது. இலை எங்காவது ஒடிந்து குழாயில் நீர் புகுந்தால் அந்தப் பொடித் துளைகளில் பரப்பு இழுவிசை அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஓர் அறை நனைந்தாலும் மற்றவை தப்பிக்கும்.

இந்தக் காற்றறைத் திசுவுக்கு ஏரங்கைமா என்று பெயர். பாடப்புத்தகத்தில் பாரங்கைமாவின் கீழே ஒரே வரியில் 'நீர்த்தாவரங்கள் மிதக்க உதவுகிறது' என்று முடிந்துவிடும். அந்த ஒரு வரி எனக்கு எப்போதுமே உறுத்தும். சம்பு மிதப்பதில்லை, சேற்றில் கால் ஊன்றி நிற்கிறது. அதற்கு இந்தக் குழாய்கள், இலையிலிருந்து சேற்றுக்குள் கிடக்கும் கிழங்குத் தண்டுக்கும் அதிலிருந்து வேருக்கும் ஆக்சிஜன் போகும் வழி. தாவரத்தின் உடலில் திசு என்றால் நாம் செல்களைத்தான் பார்க்கிறோம். சதுப்பு நிலத்தில் வேலை செய்வது செல்களுக்கு நடுவே விட்ட இடம். செல்கள் அந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கும் கட்டடம் மட்டுமே.

கட்டடம் என்று பார்த்தாலும் கெட்டிக்காரத்தனமானது. ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் இலை, காற்றில் வளைகிறது, முறிவதில்லை. நார்க் கற்றைகள் எல்லாம் இரண்டு வெளிப்பக்கங்களை ஒட்டியே ஓடுகின்றன. வளைக்கும்போது அதிக இழுப்பும் அதிக அழுத்தமும் விழுவது அங்கேதான். நடுவில் நார் வைத்தால் வீண் செலவு. கோரையிலும் இதே கணக்கு. பத்தமடையில் பாய் நெய்பவர்கள் கோரையைக் கீறி, நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற சோற்றை நீக்கிவிட்டு வெளித்தோலை ஒட்டிய நாரை மட்டும் மெல்லிசாகக் கிழித்துத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். எந்தத் திசு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு மைக்ரோஸ்கோப் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேரையும் பார்த்துவிட வேண்டும். சம்பைச் சேற்றோடு பிடுங்கினால் முதலில் நாற்றம் வரும். அழுகிய முட்டை வாடை, ஹைட்ரஜன் சல்பைடு. சேறு கரி மாதிரிக் கறுப்பு. ஆனால் வேரை அலசிப் பார்த்தால் மெல்லிய வேர்களின் மேல் செங்காவி பூசியிருக்கும். அது துரு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இரும்பு கரைந்த நிலையில் கிடக்கிறது. அளவுக்கு மேல் உள்ளே போனால் செடிக்கு விஷம். குழாய் வழியே இறங்கி வந்த ஆக்சிஜன் வேர்நுனியில் கொஞ்சம் வெளியே கசிகிறது. கசிந்த இடத்தில் இரும்பு துருவாகி வேரின் மேலேயே படிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத காற்று எவ்வளவு தூரம் இறங்கியது என்பதற்கு அந்தச் செங்காவியே சாட்சி. வழியெல்லாம் கசிந்தால் நுனிக்குச் சேராது என்பதால், சதுப்புத் தாவரங்கள் பலவும் வேரின் மேல்பகுதியில் வெளிச்சுவருக்குச் சூபரின் என்ற தக்கைப் பொருளைப் பூசிக் கசிவை அடைத்து வைக்கின்றன. நெல்லும் இதைச் செய்கிறது.

நெல் என்றதும் இன்னொன்று. ஐ.டி. கட்டடங்கள் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் வயல்தான். நெல் வேரைக் குறுக்கே வெட்டினால் நடுவில் கடத்தும் திசு, வெளியே தோல், இரண்டையும் இணைக்கும் மெல்லிய ஆரங்கள் சில, மற்றதெல்லாம் வெற்றிடம். சில செடிகளில் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி இடம் விடுகின்றன. நெல் வேரில் அப்படியல்ல. தோலுக்கும் நடுத்திசுவுக்கும் இடைப்பட்ட புறணியில் இருந்த செல்கள் வரிசை வரிசையாகச் செத்துக் கரைந்து அந்த இடத்தைக் காலி செய்கின்றன. செடியே உத்தரவு போட்டு நடத்தும் சாவு இது. தண்ணீர் நிற்காத வயலிலும் நெல்லில் இது ஓரளவு நடக்கும். தண்ணீர் கட்டினால் இன்னும் அதிகமாகும். தான் தண்ணீரில் மூழ்கியிருப்பதை வேர் எப்படித் தெரிந்துகொள்கிறது? வேர்கள் எப்போதும் எத்திலீன் என்ற வாயுவைக் கொஞ்சம் உண்டாக்கி வெளியே விடுகின்றன. வாழைத்தாரையும் மாங்காயையும் பழுக்க வைக்கும் அதே வாயு. காற்றோட்டமான மண்ணில் அது போய்விடும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் போக முடியாமல் வேருக்குள்ளேயே தேங்கும். தேங்கிய எத்திலீன்தான் சமிக்ஞை.

தாவர உடலில் செத்த பிறகு வேலைக்கு வரும் செல்கள் வேறும் உண்டு. நம் அடுக்களையிலேயே தினசரிச் சான்று இருக்கிறது. வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கி ஒவ்வொரு வில்லையையும் இழுக்கும்போது நூல் நூலாக வருமே, அதைச் சுட்டுவிரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு மோர்த் தண்ணீரில் போடுவார்கள். சமையலுக்கு அது தொல்லை. தண்டுக்கு அதுதான் முதுகெலும்பு. தண்ணீர் ஏற்றும் சைலம் குழாய்கள் செத்த செல்களால் ஆனவை. மேலே இலை இழுக்கும் இழுப்பில் உள்ளே எதிர்மறை அழுத்தம் உண்டாகிறது. சுவர் மெல்லிசாக இருந்தால் குழாய் சப்பையாகிவிடும். சுவர் முழுக்கக் கெட்டியாக இருந்தாலோ வளர்ந்துகொண்டிருக்கும் தண்டோடு சேர்ந்து அது நீள முடியாது. இரண்டுக்கும் சேர்த்துச் செய்த ஏற்பாடு, உட்சுவரில் லிக்னின் என்ற கெட்டிப் பொருளால் ஆன சுருள். நீளும், ஆனால் நசுங்காது. நறுக்கும்போது அந்தச் சுருள் பிரிந்து நூலாக வருகிறது. தாமரைக் காம்பை ஒடித்து மெல்ல இழுத்தாலும் இதே நூல்தான், இன்னும் மெல்லிசாக. மியான்மரில் இன்லே ஏரிக்கரையில் அதைத் திரித்துத் துணியே நெய்கிறார்கள்.

சைலம் குழாய் பற்றிப் பேசும்போது சென்னையில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்த பி.ஜி.எல். சுவாமி. தாவர உள்ளமைப்பியலில் உலகறிந்த பெயர். ஹார்வர்டில் தாவரவியலாளர் பெய்லியோடு வேலை செய்தபோது, சார்கண்ட்ரா என்ற பூக்கும் செடியின் தண்டில் அகலமான சைலம் குழாய்களே கிடையாது, டிரக்கீடுகள் என்ற குறுகிய நீர்கடத்தும் செல்கள் மட்டுமே உண்டு என்று 1950இல் இருவரும் எழுதினார்கள். பூக்கும் தாவரங்களில் அது மிக அபூர்வம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வளரும் செடிதான். ஈரமும் நிழலும் மாறாத இடத்தில் தண்ணீரை வேகமாக ஏற்ற வேண்டிய அவசரம் இல்லாததால் குறுகிய குழாய்களோடு காலம் தள்ள முடிகிறது. இதே சுவாமி கன்னடத்தில் எழுதிய 'ஹசுரு ஹொன்னு' 1978இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. செடி தேடி மாணவர்களோடு காடு சுற்றிய கதை. சென்னைக்காரர்களுக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான்.

தம்பிக்கு இரண்டாவது டீ வந்தது. "காத்து தானா கீழ எறங்கிடுமா? அது லேசான பொருளாச்சே" என்றார். ரொம்ப சரியான கேள்வி. குட்டையான செடியில் தானாகப் பரவினால் போதும். தாமரை மாதிரி ஆழத்தில் கிழங்கு வைத்திருக்கும் செடிக்குப் போதாது. அது காற்றை அழுத்தித் தள்ள வேண்டும். மோட்டார் இல்லாமல் தள்ளும் அந்த வித்தையை ஆய்வாளர் ஜான் டேசி 1980இல் மஞ்சள் நீரல்லி ஒன்றில் அளந்து காட்டினார். ஒரே மிதவை இலைக்குள் ஒரு நாளில் 22 லிட்டர் வரை காற்று நுழைந்து கிழங்குக்கு இறங்கியது.

விஷயம் இவ்வளவுதான். இளம் இலைக்குள் வெயில் சூட்டில் நீராவி நிறைந்திருக்கிறது. நீராவி இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளே ஆக்சிஜன், நைட்ரஜன் இரண்டின் செறிவும் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே வெளிக்காற்று இலைக்குள் மெல்லப் பரவி வருகிறது. வந்த காற்று நீராவியை விரட்டிவிடுவதில்லை. ஈரமான செல்சுவர்கள் புதிதாக ஆவியை விட்டுக்கொண்டே இருக்கின்றன. உள்ளே இருக்கும் இடைவெளிகள் மிகமிகக் குறுகல் என்பதால் சேர்ந்த காற்று அதே வழியில் பீறிட்டுத் திரும்பவும் முடியாது. மெல்ல அழுத்தம் ஏறுகிறது. காம்பின் அகலமான குழாய்கள் வழியே கீழே போவதுதான் அதற்குச் சுலபம். பழைய இலைகளின் இடைவெளிகள் பெரிதாகித் தளர்ந்துவிடுவதால் கிழங்கைச் சுற்றிய காற்று அவற்றின் வழியே ஏறி வெளியேறுகிறது. இளசு உள்ளே இழுக்கிறது, கிழடு வெளியே விடுகிறது.

தாமரையில் இன்னும் ஒரு நயம். இலையின் நடுவில், காம்பு சேரும் இடத்துக்கு நேர் மேலே, வெளிறிய சிறு வட்டம் இருக்கும். அங்கே உள்ள இலைத்துளைகள் மற்ற இடங்களில் உள்ளவற்றைவிடப் பெரியவை. பரந்த இலைப்பரப்பு வழியே நுழைந்த காற்று கிழங்குவரை போய்விட்டு இந்த வட்டத்தின் வழியே வெளியே வருகிறது. நல்ல வெயிலில் அந்த நடுப்பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தால், அதில் குமிழி குமிழியாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். பூச்சி எதுவும் இல்லை. சேற்றிலிருந்து திரும்பி வரும் மூச்சு.

தாமரை இலைத் தண்ணீர் என்று பட்டும் படாமல் இருப்பவர்களைச் சொல்கிறோம். இலைக்கு அது தத்துவமல்ல, தேவை. மண்ணில் வளரும் பெரும்பாலான செடிகளுக்கு இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் அதிகம். தாமரைக்கு மேல்பக்கத்தில். மழைத்துளி ஒட்டி நின்றால் காற்று நுழையும் வாய்கள் அடைபட்டுவிடும். அதற்காகவே மேல்தோலில் நுண்ணிய மேடுகள், மேடுகளின் மேல் மெழுகுக் குழல்கள். துளி அந்த நுனிகளில் மட்டும் உட்கார்ந்து உருண்டுவிடுகிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் பார்த்லாட் 1997இல் இதை விளக்கி எழுதிய பிறகுதான் தானாகச் சுத்தமாகும் பெயின்ட் எல்லாம் வந்தன.

பள்ளிக்கரணை ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரைக்கு இந்தப் பாடுகள் கிடையாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை வளைத்துக்கொண்ட அது நிஜமாகவே மிதக்கிறது. காம்பு உருண்டையாக உப்பி உள்ளே முழுக்கக் காற்றறை. நெருக்கமாக வளரும் இடத்தில் அதே காம்பு உப்பாமல் ஒல்லியாக நீண்டுவிடும். அக்கம்பக்கம் தாங்கிக்கொள்ளும்போது மிதவை எதற்கு, வெளிச்சத்துக்கு முந்துவதுதான் முக்கியம்.

இன்னும் கொஞ்சம் வடக்கே, அடையாறு முகத்துவாரத்தில், வெண்கண்டல் மரங்கள் வேறு வழி பிடித்திருக்கின்றன. காற்றைக் கீழே அனுப்பாமல் வேரையே மேலே அனுப்புகின்றன. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை சுவாச வேர்கள். 1955இல் ஆய்வாளர் ஷோலாண்டர் குழுவினர் அலையாத்திக் காட்டில் சேற்றுக்கு மேலே நிற்கும் வேர்களின் பட்டைத்துளைகளை கிரீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் மளமளவென்று சரிந்தது.

குழாய் இருவழிப் பாதை என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குகின்றன. நெல் வயலில் அந்த மீத்தேனின் பெரும்பகுதி நெற்பயிரின் காற்றறைகள் வழியாகத்தான் வானத்துக்கு ஏறுகிறது. சம்பிலும் அப்படியே.

தம்பியின் கடைசிக் கேள்வி சம்பை என்ன செய்வது என்பது. கழிவுநீரின் சத்தைத் தின்று அது வடிகால்களை அடைத்துக்கொள்கிறது. மழைக்கு முன் ஆட்களும் பொக்லைனும் வந்து தண்ணீருக்கு மேலே தலையை வெட்டிவிட்டுப் போகிறார்கள், சீக்கிரமே மறுபடி அதே உயரம். இதுவரை பேசியதை வைத்தே பதில் சொல்லலாம். வெட்டின தாளின் வாய் காற்றில் திறந்திருந்தால் கிழங்குக்கு மூச்சு வந்துகொண்டே இருக்கும். காய்ந்து பழுத்த பழைய தாள்கூடக் குழாயாக வேலை செய்யும். பச்சை, காய்ந்தது எல்லாவற்றையும் நீர்மட்டத்துக்குக் கீழே ஒட்ட வெட்டி, வெட்டுவாய் நாள் கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும்படி செய்தால், சேமித்த சர்க்கரையைப் புளிக்க வைத்தே கிழங்கு செலவழித்துவிட்டு அழுகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் அதற்குத் தோது. வெட்டிவிட்டால் மழையே மூடிவிடும். ஆனால் வாய்க்காலின் நீரோட்டப் பாதையில் மட்டும். நீலத் தாழைக்கோழி கூடு கட்டுவதும் குஞ்சு பொரிப்பதும் இந்தச் சம்புக்குள்தான்; மிச்சத்தை அவற்றுக்கு விட்டுவிட வேண்டியதுதான்.